வயதான நாய்க்கு இன்சூரன்ஸ் எடுக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாய்க்கு ஏழு, எட்டு வயதாகும்போதுதான் பலருக்கு இன்சூரன்ஸ் ஞாபகம் வருகிறது. பக்கத்து வீட்டு லாப்ரடாருக்கு ஆபரேஷன் என்று கேள்விப்பட்டிருப்பார்கள், இல்லையென்றால் தங்கள் நாயே படி ஏறத் தயங்குவதைப் பார்த்திருப்பார்கள். வெளிநாட்டு இணையதளங்களில் சொல்லப்படும் யோசனைகள் அங்குள்ள பாலிசிகளை வைத்துச் சொன்னவை. இங்கே தமிழ்நாட்டில் நாய் வளர்ப்பவர்களுக்கு எது பொருந்தும் என்பதை மட்டும் எழுதியிருக்கிறேன்.

என் நாய்க்கு 9 வயது. இப்போது புதிதாகப் பாலிசி கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்காது. இந்தியாவில் நாய்களின் மருத்துவச் செலவுக்கான பாலிசி பரவலாகப் பேசப்பட்டதே 2020க்குப் பிறகுதான். அந்த ஆண்டு பஜாஜ் அலையன்ஸும் அடுத்த ஆண்டு ஃபியூச்சர் ஜெனரலியும் கொண்டுவந்தன, பிறகு மற்ற நிறுவனங்களும் வந்தன. பல பாலிசிகளில் புதிதாகச் சேர ஏழு வயதுதான் உச்சவரம்பு. கிரேட் டேன், செயின்ட் பெர்னார்டு மாதிரி ராட்சத இனங்களுக்கு அந்த வரம்பு நான்கு வயதிலேயே முடிந்துவிடுகிறது.

இதைவிட முக்கியமான வரம்பு ஒன்று உண்டு, அதை யாரும் முதலில் கேட்பதில்லை. புதுப்பித்துக்கொண்டே போக எத்தனை வயது வரை விடுவார்கள்? பல பாலிசிகளில் பத்து வயதோடு கதவு மூடிவிடும். ஒரு ஸ்பிட்ஸோ நாட்டு நாயோ நல்ல கவனிப்பில் பதின்மூன்று, பதினான்கு வயது வரை இருக்கும். செலவு அதிகமாக வரும் கடைசி மூன்று, நான்கு வருடங்கள் அந்தக் கதவுக்கு வெளியே நிற்கின்றன. ஆகவே "சேர வயது என்ன?" என்று கேட்ட கையோடு "எந்த வயதில் நிறுத்துவீர்கள்?" என்றும் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் வயதான நாய்க்கு இன்சூரன்ஸ் வீண்தானா?

ஏழு வயது தாண்டிய நாய்க்கு, நம் ஊர்ப் பாலிசிகளை வைத்துப் பார்த்தால், பெரும்பாலான வீடுகளில் வீண்தான். கிடைத்தாலும் விலக்குகள், அதாவது இதற்கெல்லாம் பணம் தரமாட்டோம் என்று பாலிசி ஒதுக்கி வைப்பவை, பாதியைத் தின்றுவிடும். ஆனால் நாலரை, ஐந்து, ஆறு வயதில் ஆரோக்கியமாக இருக்கும், ராட்சத இனம் அல்லாத நாய்க்கு அதே பதிலைச் சொல்லமாட்டேன். அந்த வயதில் நோய் எதுவும் பதிவாகியிருக்காது, சேர்த்துக்கொள்வார்கள், முதுமையின் முதல் சில வருடங்களாவது காப்பில் இருக்கும். வயதான நாய்க்கான முடிவை நாய் நடுவயதில் இருக்கும்போதே எடுத்தாக வேண்டும் என்பதுதான் இதில் கசப்பான விஷயம்.

'ஏற்கெனவே உள்ள நோய்' என்று எதையெல்லாம் சொல்வார்கள்?

பாலிசி தொடங்கும் நாளுக்கு முன்பு கண்டுபிடிக்கப்பட்டது, சிகிச்சை எடுத்தது, அறிகுறி தெரிந்தது எல்லாமே. அறிகுறி என்ற சொல்லில்தான் பல கிளெய்ம்கள் விழுகின்றன. போன வருடம் தடுப்பூசிக்குப் போனபோது "பின்னங்கால் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது" என்று டாக்டர் அட்டையில் ஒரு வரி எழுதியிருப்பார். இந்த வருடம் இடுப்பு மூட்டு எக்ஸ்ரே எடுத்துக் கிளெய்ம் போட்டால் அந்த ஒரு வரியைக் காட்டி மறுக்க முடியும்.

அதற்காக அந்த வரியை மறைக்காதீர்கள். மறைத்து வாங்கிய பாலிசி அதே காரணத்தால் ரத்தாகலாம். கட்டிய பிரீமியமும் போய், சேமித்திருக்க வேண்டிய காலமும் போய்விடும்.

மனிதர்களுக்கான மெடிக்ளெய்மில், பழைய நோயானாலும் அதிகபட்சம் மூன்று வருடக் காத்திருப்புக்குப் பிறகு காப்பு கிடைக்க வேண்டும் என்று 2024இல் விதி மாறியது. அதை மனதில் வைத்து "நாய்க்கும் அப்படித்தானே?" என்று நினைக்க வேண்டாம். நாய்ப் பாலிசியில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதுதான்.

இன்னொன்று. இவை ஒரு வருட ஒப்பந்தங்கள். இந்த வருடம் சிறுநீரகக் கோளாறு கண்டுபிடித்து, நிறுவனமும் பணம் கொடுத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த வருடம் புதுப்பிக்கும்போது அதே சிறுநீரகம் 'ஏற்கெனவே உள்ள நோய்' ஆகிவிடுமா, தொடர்ந்து காப்பில் இருக்குமா? முதிய நாய்க்கு வருவதில் பல, வாழ்நாள் முழுக்க மருந்து கேட்கும் நோய்கள். இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் எழுத்தில் கிடைக்காவிட்டால், நான் அந்தப் பாலிசியை வாங்கமாட்டேன்.

முதுமையில் எந்த நோய்களுக்குத்தான் பணம் போகிறது?

இதைத் தெரிந்துகொண்டு பாலிசியைப் படித்தால், பளபளப்பான விளம்பரத் தாளில் இருப்பது உங்கள் நாய்க்கு உதவுமா என்று நீங்களே சொல்லிவிடலாம்.

கருத்தடை செய்யாத பெண் நாயா? அப்படியானால் முதலில் பயப்பட வேண்டியது பயோமெட்ரா, அதாவது கருப்பையில் சீழ் பிடிப்பது. ஹீட் (இனச்சேர்க்கைப் பருவம்) முடிந்து சில வாரங்களில் வரும். நாய் அண்டா அண்டாவாகத் தண்ணீர் குடிக்கும், சோர்ந்து படுக்கும், சிலதற்கு மட்டும் சீழ் வெளியே வடியும். வெளியே வடியாத வகைதான் அதிக ஆபத்து. உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், ரத்தமும் தேவைப்படலாம். தனியார் கிளினிக்கில் சில பத்தாயிரங்கள் சாதாரணமாக ஆகிவிடும். இனப்பெருக்கம் சார்ந்த நோய்கள் என்ற தலைப்பில் இதைச் சில பாலிசிகள் விலக்கி வைத்திருக்கும், தேடிப் பாருங்கள். மார்பகக் கட்டியும் இதே நாய்களுக்குத்தான் அதிகம். முதல் ஹீட்டுக்கு முன்பே கருத்தடை செய்திருந்தால் அந்த ஆபத்து மிகவும் குறைந்திருக்கும். இப்போதும்கூட, டாக்டர் மயக்க மருந்துக்குத் தகுதி என்று சொன்னால், கருத்தடை பயோமெட்ராவைத் தடுக்கும். எந்தப் பாலிசியையும்விட அது மலிவு.

சிறுநீரகம் மௌனமாகக் கெடும். ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறுவது தெரியும்போது சிறுநீரகத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே வேலை செய்வதை நிறுத்தியிருக்கும். அதன் பிறகு தனி உணவு, மருந்து, அடிக்கடி டிரிப்ஸ், மாதாமாதம் ரத்தப் பரிசோதனை. ஒரே பெரிய பில்லாக வராது, சொட்டுச் சொட்டாகப் போகும். மருத்துவமனையில் படுக்க வைத்தால்தான் பணம் என்று சொல்லும் பாலிசி இதற்குப் பயன்படாது. வெளிநோயாளிச் செலவு சேருமா என்று பார்ப்பது அதனால்தான் முக்கியம்.

ஸ்பிட்ஸ், டாஷண்ட், பக் போன்ற சின்ன நாய்களுக்கு இதய வால்வு தேய்வது சகஜம். டாபர்மேனுக்கு இதயத் தசையே தளர்ந்து வீங்கும். ராத்திரியில் வறட்டு இருமல், கொஞ்சம் நடந்தாலே நிற்பது, நாக்கு நீலம் பாய்வது எல்லாம் அறிகுறிகள். எக்கோ ஒருமுறை, அதன் பிறகு பிமோபெண்டான் மாதிரி மாத்திரைகள் தினமும், ஆயுள் முழுக்க.

லாப்ரடாருக்கும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் இடுப்பு மூட்டுப் பிரச்சினை. இதைப் 'பரம்பரைக் கோளாறு' என்று ஒதுக்கும் பாலிசிகள் உண்டு. அந்த இரண்டு இனங்களை வைத்திருப்பவர் அந்தப் பிரிவைப் படிக்காமல் கையெழுத்துப் போடவே கூடாது. நடுவில் ஒரு எச்சரிக்கை: கால் வலிக்கிறதே என்று வீட்டில் இருக்கும் இபுபுரோஃபெனையோ பாராசிட்டமாலையோ நாய்க்குக் கொடுத்துவிடாதீர்கள். இபுபுரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் அழிக்கும்.

பல், ஈறு சிகிச்சையைப் பல பாலிசிகள் சேர்ப்பதில்லை, முதிய நாய்களுக்கு அது கிட்டத்தட்ட எல்லோருக்கும் தேவைப்பட்டாலும்.

உண்ணிக் காய்ச்சலுக்கு வயதே கிடையாது. நம் ஊர் வெயிலில் வருடம் முழுக்க உண்ணி இருக்கிறது. ஆனால் முதிய நாய்க்கு பிளேட்லெட் இறங்கினால் எழுந்து வர நாளாகும். எர்லிக்கியா என்ற கிருமியால் வந்தது என்றால் வழக்கமாக 28 நாள் டாக்ஸிசைக்ளின் மாத்திரை. ஐந்தாம் நாள் வாலை ஆட்டுகிறதே என்று நிறுத்திவிட்டால் திரும்ப வரும்.

கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா?

கீழே உள்ள எண்கள் எந்த நிறுவனத்துடையதும் அல்ல, கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் கையில் இருக்கும் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

நாய்க்கு ஆறு வயது. பிரீமியம் வருடத்துக்கு 6,000 ரூபாய், காப்புத் தொகை 50,000, ஒவ்வொரு கிளெய்மிலும் 20 சதவீதம் நம் பங்கு. நான்கு வருடத்தில் 24,000 கட்டியிருப்போம். இடையில் 30,000 ரூபாய்க்கு ஒரு சிகிச்சை நடந்தால் கைக்கு வருவது 24,000. அதாவது கட்டியது அப்படியே திரும்பியிருக்கிறது. இரண்டு பெரிய சிகிச்சைகள் வந்தால் பாலிசி லாபம், ஒன்றும் வராவிட்டால் 24,000 செலவு.

இப்போது மறுபக்கம். அதே நான்கு வருடம் மாதம் 2,000 ரூபாய் ஒரு ஆர்டியில் போட்டால், வட்டியை விட்டுவிட்டாலும் 96,000 சேரும். அதற்கு விலக்கு கிடையாது, காத்திருப்புக் காலம் கிடையாது, பத்து வயதில் நிற்காது, பல்லுக்கும் கொடுக்கலாம், கடைசி நாள் செலவுக்கும் கொடுக்கலாம். மாதம் 500 ரூபாய்தான் முடியும் என்பவருக்கும், அதாவது பிரீமியம் அளவுக்கே, 24,000 சேர்ந்து கையில் இருக்கும்.

ஆனால் சேமிப்பின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். மூன்றாவது மாதத்திலேயே வண்டி மோதி எலும்பு முறிந்தால் ஆர்டியில் இருப்பது 6,000 ரூபாய். பாலிசியோ 50,000 வரை தாங்கும். சேமிப்பு வளர வருடங்கள் வேண்டும், பாலிசி காத்திருப்புக் காலம் முடிந்த மறுநாளே முழு உயரத்தில் நிற்கும். அதனால் கையிருப்பு எதுவும் இல்லாத, நாய்க்கு ஏழு வயது ஆகாத வீட்டுக்கு நான் சொல்வது இது: இரண்டு மூன்று வருடம் பாலிசியும் வைத்துக்கொள்ளுங்கள், சின்னதாக ஆர்டியும் போடுங்கள். ஆர்டி 50,000 தாண்டும்போது பாலிசி தேவையா என்று மறுபடி யோசிக்கலாம். ஏற்கெனவே ஒரு லட்சம் தனியாக ஒதுக்கக்கூடியவருக்குப் பாலிசி அவசியமே இல்லை.

அரசுத் துறை நிறுவனங்களில் மலிவாக ஒரு பாலிசி இருக்கிறதே?

கால்நடைக் காப்பீட்டின் வழியில் வந்த பாலிசிகள் அவை. அடிப்படையில் நாய் இறந்துபோனால் இழப்பீடு தருபவை. தொகை நாயின் சந்தை மதிப்பைப் பொறுத்தது. நீங்கள் தெருவிலிருந்து தூக்கிவந்து வளர்த்த நாய்க்குச் சந்தை மதிப்பு என்று என்ன எழுதுவார்கள்? இறந்த பிறகு வரும் பணத்துக்காக நம்மில் யாரும் பாலிசி தேடுவதில்லை. உயிரோடு இருக்கும்போது சிகிச்சைக்கு உதவுமா என்று கேட்டு, அதற்கு 'ஆம்' என்றால் மட்டும் மேலே பேசுங்கள்.

என்னிடம் இருப்பது நாட்டு நாய். இன்சூரன்ஸ் கொடுப்பார்களா?

பல நிறுவனங்கள் நாட்டு இனங்களையும் கலப்பினங்களையும் ஏற்கின்றன. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பெயருள்ள இனமாக இருந்தாலும் சரி, பெயரில்லாத தெரு நாயாக இருந்தாலும் சரி, அடையாளம்தான் கேட்பார்கள். புகைப்படங்கள், தடுப்பூசி அட்டை, சில இடங்களில் மைக்ரோசிப். சென்னை மாநகராட்சி வீட்டு நாய்களுக்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கேட்கத் தொடங்கிவிட்டதால், சென்னையில் இருப்பவர்கள் அதை எப்படியும் செய்தாக வேண்டும். தடுப்பூசி விட்டுப்போயிருந்தால் பார்வோ, டிஸ்டெம்பர், லெப்டோ, வெறிநோய் தொடர்பான கிளெய்ம் நிற்காது.

பாலிசி வேண்டாம் என்றால் செலவை எப்படிச் சமாளிப்பது?

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது, பலர் அதை மறந்துவிட்டுத்தான் கடன் வாங்குகிறார்கள். சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை. எக்ஸ்ரே, ஸ்கேன், இதயம், கண், புற்றுநோய் என்று தனித்தனிப் பிரிவுகள், பேராசிரியர்கள், தனியார் கிளினிக்கோடு ஒப்பிட முடியாத அளவு குறைந்த கட்டணம். காலையிலேயே போய் வரிசையில் நிற்க வேண்டும், ஒரு நாள் வேலை போகும், வயதான நாய்க்குக் கூட்டமும் குரைப்பும் களைப்பைத் தரும். ஒரு போர்வையும் தண்ணீர்க் கிண்ணமும் கொண்டுபோங்கள், கூட ஒரு ஆளையும் அழைத்துப்போங்கள். நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களிலும் இந்தக் கல்லூரி சேர்ந்திருக்கும் அதே கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன.

நான் பரிந்துரைப்பது இப்படி: வீட்டுக்குப் பக்கத்தில் அன்றாடத்துக்கு ஒரு டாக்டர், பெரிய பரிசோதனைக்கும் ஆபரேஷனுக்கும் கல்லூரி மருத்துவமனை. இருவரிடமும் ஒரே கோப்பு. ஏழு வயதிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடை, ரத்தம், சிறுநீர், பல், இதயத் துடிப்பு பார்த்துவிடுங்கள். எடையை மட்டுமாவது மாதாமாதம் எழுதிவையுங்கள். முதிய நாயின் எடை காரணமில்லாமல் குறைந்தால் உள்ளே ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். பருமனான லாப்ரடாருக்கு எடையைக் குறைப்பதைப்போல மூட்டு வலிக்கு நல்ல மருந்து வேறில்லை, அதற்குக் காசும் ஆகாது.

கடித்துவிட்டால் என்ன செய்வது? அதற்குக் காப்பு உண்டா?

வயதான நாய் கடிக்காது என்று நினைக்கிறோம். கண்புரை விழுந்து, காது மந்தமாகி, மூட்டு வலியோடு படுத்திருக்கும் நாயைக் குழந்தை திடீரென்று தொட்டால் பதறிக் கடித்துவிடலாம். அந்த நாயின்மேல் தப்பில்லை, ஆனால் பொறுப்பு நம்முடையது. வளர்ப்பு விலங்கைக் கவனக்குறைவாக வைத்திருந்தால் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று இருக்கிறது. கடிபட்டவர் இழப்பீடு கேட்பது தனி. மூன்றாம் நபர் பொறுப்புக் காப்பு சில பாலிசிகளில் கூடுதலாகச் சேர்க்கக் கிடைக்கிறது. அடுக்குமாடியில் இருப்பவர்கள் இதையாவது விசாரியுங்கள். வயது வரம்பு தாண்டாத நாய்க்குப் பாலிசி வாங்க இது ஒரு நியாயமான காரணம்.

எதுவரை செலவு செய்வது? கேட்கவே கஷ்டமாக இருக்கிறது.

கஷ்டம்தான். ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு அவசரப் பிரிவின் வாசலில் நின்றுகொண்டு இதை யோசிப்பது இன்னும் கஷ்டம். நாய் நன்றாக இருக்கும்போதே வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். பத்து வயது நாய்க்கு மண்ணீரலில் கட்டி என்றால் ஆபரேஷன் செய்வோமா? கீமோ கொடுப்போமா, வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதோடு நிறுத்துவோமா? டாக்டரிடம் "எத்தனை நாள் கிடைக்கும்?" என்று மட்டும் கேட்காமல், "அந்த நாட்கள் எப்படி இருக்கும்? சாப்பிடுமா, நடக்குமா?" என்றும் கேளுங்கள். பணம் இல்லாததால் வலி நிவாரணத்தை மட்டும் தேர்ந்தெடுப்பவரை யாரும் குறை சொல்லக்கூடாது. அப்படிச் சொல்பவர் யாராக இருந்தாலும், அந்த நாயைப் பத்து வருடம் வளர்த்தவர் அவரில்லை.

கருணைக் கொலைக்கான செலவைத் தரும் பாலிசிகளும் தராத பாலிசிகளும் இருக்கின்றன. அதற்காகப் பாலிசி எடுக்க வேண்டிய அளவு பெரிய தொகையும் அல்ல.

கிளெய்ம் போடும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பெரும்பாலும் முதலில் நாம் கட்டிவிட்டுப் பிறகு வாங்க வேண்டும். ஆகவே பாலிசி இருந்தாலும் கையில் பணம் வேண்டும். டாக்டரின் பதிவு எண்ணோடு மருந்துச் சீட்டு, பெயரும் தேதியும் உள்ள பில், பரிசோதனை அறிக்கை என்று ஒவ்வொரு தாளும் தேவை. வெள்ளைத் தாளில் மொத்தத் தொகையை எழுதித் தரும் கிளினிக்கில் அங்கேயே நின்று முறையான பில் கேட்டு வாங்குங்கள். நாயின் பெயர் எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். வீட்டில் 'பாப்பா', அட்டையில் 'ஜூலி' என்றால் அங்கே ஒரு கேள்வி வரும்.

கிளெய்மை மறுத்துவிட்டார்கள். வேறு வழியே இல்லையா?

இருக்கிறது. மறுப்புக்கான காரணத்தை, பாலிசியின் எந்தப் பிரிவு என்பதோடு, எழுத்தில் கேளுங்கள். பிறகு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். கிளெய்மில் இருக்கும் நோய் பாலிசிக்கு முன்பு இல்லை என்று உங்கள் டாக்டர் ஒரு சான்று தந்தால் பலமாக இருக்கும், அதற்கு அந்த ஆறு மாதப் பரிசோதனைகளின் அறிக்கைகள் கைகொடுக்கும். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் 'பீமா பரோசா' தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ புகார் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்க முடியாததாக இருந்தாலோ, இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் (இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்ப்பவர்) போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில், அண்ணா சாலையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். நிறுவனத்தின் கடைசிப் பதிலிலிருந்து ஒரு வருடத்துக்குள் புகார் போய்ச் சேர வேண்டும்.